நெய்வேலிக்கு வந்த நடிகரும் நம் வீட்டுக்கு வந்த பொய்யும்

 

2024 நவம்பர் மாத இறுதியில் ஒரு நாள். மஃரிபுக்குப் பின் மக்தப் வகுப்பு தொடங்கியிருந்தது. ஓதக் கொடுத்த பாடத்தை ஒப்பிக்க வந்த பன்னிரண்டு வயது மாணவன், கிதாபைத் திறப்பதற்கு முன் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டான்.

"ஹஜ்ரத், ரஹ்மான் பாய் தலாக் விட்டுட்டாராமே? கூட வாசிக்கிற அக்காதான் காரணமாம். நெசமா?"

"யாருப்பா சொன்னது?"

"அம்மா."

"அம்மாவுக்கு?"

"சாச்சி சொன்னாங்க. சாச்சிக்குக் குடும்ப குரூப்புல வீடியோ வந்துச்சு."

"வீடியோவுல பேசினது யாரு?"

"தெரியாது ஹஜ்ரத். மூஞ்சியே வரல. குரல் மட்டுந்தான்."

அன்று ஹதீஸ் பாடம் இல்லை. ஆனாலும் கரும்பலகையில் அந்தத் தொடரை அப்படியே எழுதிக் காட்டினோம். மாணவன், அவனுடைய தாயார், சாச்சி, குழு, பெயர் தெரியாத ஒரு குரல். அந்தக் குரலுக்கு மேலே எழுத ஒன்றும் இல்லை. "ஒரு ஹதீஸ் இப்படி வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டோம். பின்வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தி, "எடுத்துக்க மாட்டோம், அறிவிப்பாளர் யாருன்னே தெரியல" என்றாள். பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த இந்த விதி, திரைச்செய்தி எழுதிப் பிழைப்பவர்களுக்கும் அதை இரவு பகலாகப் பார்க்கும் நம் பெரியவர்களுக்கும் ஏன் தெரியாமல் போயிற்று என்பதே நம் வழக்கு.

அந்த நாட்களில் தெரிந்திருந்தது என்ன? 2024 நவம்பர் 19 அன்று, ஏறத்தாழ 29 ஆண்டு கால மணவாழ்வுக்குப் பின் பிரிந்து வாழ முடிவு செய்திருப்பதாக ஏ.ஆர்.ரஹ்மானின் மனைவி சாயிரா பானுவின் சார்பில் அவருடைய வழக்கறிஞர் அறிக்கை வெளியிட்டார். ரஹ்மானும் தம் வேதனையை வெளிப்படுத்தித் தனிமை கோரினார். அவ்வளவுதான். அதே நாளில், அவருடைய குழுவில் வாசிக்கும் பெண் கலைஞர் ஒருவரும் தம் கணவரைப் பிரிவதாக அறிவித்தார். இரண்டு அறிவிப்புகளும் ஒரே நாளில் வந்தன என்பதைத் தவிர அவற்றை இணைக்க எவரிடமும் எந்தச் சான்றும் இல்லை. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று வழக்கறிஞரும் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆயினும் சில மணி நேரத்தில் இருவரின் படங்களையும் அருகருகே ஒட்டி, நடுவே ஒரு கேள்விக்குறி போட்டு, நூற்றுக்கணக்கான காணொளிகள் வந்துவிட்டன. அந்தப் பெண்ணின் பெயரை நாம் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் கரும்பலகையில் உள்ள அந்தத் தொடரில் நம் பெயரையும் சேர்க்க வேண்டிவரும்.

பிள்ளைகள் வெளியே வந்து மறுக்க வேண்டியதாயிற்று. ரஹ்மான் தரப்பிலிருந்து, 24 மணி நேரத்துக்குள் அவதூறுகளை நீக்க வேண்டும் என்று வழக்கறிஞர் அறிவிப்பு போயிற்று. சாயிரா பானு, உடல்நலம் குன்றி மும்பையில் சிகிச்சையில் இருந்த நிலையில், தம் கணவரின் பெயரைக் கெடுக்காதீர்கள் என்று யூடியூபர்களையும் தமிழ் ஊடகத்தாரையும் வேண்டிக் குரல்பதிவு அனுப்பினார். நோயாளிப் பெண்மணி ஒருவர் படுக்கையிலிருந்து கெஞ்சும் நிலைக்கு அவரைத் தள்ளியவர்களில் எத்தனை பேர் மன்னிப்புக் கேட்டார்கள்? நம் கண்ணில் பட்டவரை, அந்தக் குரல்பதிவும் அவர்களுக்கு இன்னொரு காணொளிக்கான சரக்காகவே பயன்பட்டது.

பாடமும் கற்கவில்லை. 2025 மார்ச் 16 அன்று ரஹ்மான் சென்னையில் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டபோது, "நெஞ்சு வலி" என்று முதலில் பரவியது. நீரிழப்புதான் காரணம் என்று மருத்துவமனை சொன்னது. பரிசோதனை முடிந்து அன்றே வீடு திரும்பினார். அந்தச் செய்திகளில் சாயிரா பானுவை "முன்னாள் மனைவி" என்று எழுதினார்கள். சட்டப்படி விவாகரத்து ஆகவில்லை, அப்படி அழைக்காதீர்கள் என்று அவரே மீண்டும் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. நம் சமுதாயத்தில் இது சிறிய சொல்லா? நிகாஹ் நிலைத்திருக்கிறதா இல்லையா என்பதை ஒரு துணையாசிரியர் தலைப்புக்கு இடம் போதவில்லை என்பதற்காக முடிவு செய்கிறார்!

இனி இவர்களுடைய மொழியைப் பாருங்கள். "நெருங்கிய வட்டாரம் தெரிவித்தது", "கோலிவுட்டில் பேசிக்கொள்கிறார்கள்", "என்று கூறப்படுகிறது." ஹதீஸ் கலையில் பெயர் குறிப்பிடப்படாத அறிவிப்பாளரை 'முப்ஹம்' என்பர். பெயர் இருந்தும் நம்பகத்தன்மை அறியப்படாதவரை 'மஜ்ஹூல்' என்பர். இருவர் வழியாக வரும் செய்தியும் ஆதாரமாக நிற்காது. தாம் யாரிடம் கேட்டாரோ அவரை மறைத்து, மேலே உள்ளவரிடம் நேரடியாகக் கேட்டதுபோல் தோன்றச் செய்வதற்கு 'தத்லீஸ்' என்று பெயர். மும்பை இணையதளம் ஒன்றின் செய்தியை மொழிபெயர்த்துவிட்டு, "நமக்குக் கிடைத்த பிரத்தியேகத் தகவல்" என்று ஒருவர் கேமரா முன் அமர்ந்து சொல்வது இதுவன்றி வேறென்ன?

"இத்தனை சேனல்களில் வந்திருக்கிறதே, எல்லாருமா பொய் சொல்வார்கள்?" என்று நம் உறவினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஏராளமானோர் தனித்தனியே அறிவிக்கும் செய்தியை 'முதவாதிர்' என்று சொல்லி, அதற்கு மிக உயர்ந்த இடத்தை நம் முன்னோர் கொடுத்தார்கள். ஆனால் அதன் நிபந்தனையே, அவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் சொன்னவர்களாக இருக்கக் கூடாது என்பது. இருபது சேனல்கள் ஒரே இடத்திலிருந்து நகல் எடுத்தால் அது இருபது அறிவிப்பு ஆகாது. ஒரே அறிவிப்பு, அதுவும் மூலம் தெரியாத அறிவிப்பு. இமாம்கள் ஓர் அறிவிப்பாளர் தம் ஆசிரியரைச் சந்தித்திருக்க முடியுமா என்பதை அறிய இருவரின் பிறப்பு இறப்பு ஆண்டுகளையும் தேடிச் சென்றவர்கள். இன்றைய செய்தியாளருக்கு வேண்டியது ஒரு தொலைபேசி அழைப்பு. அதைக்கூடச் செய்ய மனமில்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு இது தூரத்துக் கதை அல்ல. 2020 பிப்ரவரி 5 அன்று, 'மாஸ்டர்' படப்பிடிப்புக்காக என்.எல்.சி. சுரங்கப் பகுதியில் இருந்த நடிகர் விஜயைத் தேடி வருமான வரித்துறை அதிகாரிகள் இங்கேயே வந்தார்கள்; விசாரணைக்காகச் சென்னைக்கு அழைத்துச் சென்றார்கள். அது செய்தி. பொதுமக்கள் அறிய வேண்டிய செய்தி. அதை வெளியிட்டதில் குற்றம் இல்லை. மறுநாள் வருமான வரித்துறை அறிக்கையும் வந்தது. சென்னையிலும் மதுரையிலுமாக 38 இடங்களில் சோதனை. நிதியாளர் ஒருவரின் மறைவிடங்களிலிருந்து 77 கோடி ரூபாய் ரொக்கம். அவர் தரப்பில் மறைக்கப்பட்ட தொகை 300 கோடியைத் தாண்டலாம் என்ற மதிப்பீடு. சோதனைக்குள்ளான தரப்புகளை இணைக்கும் படம் ஏறத்தாழ 300 கோடி வசூலித்தது என்றும் அதே அறிக்கை சொன்னது. இரண்டு 300 கோடிகள். இரண்டும் வேறு வேறு. அறிக்கையை ஒருமுறை நிதானமாக வாசித்தவருக்கு இது குழம்பாது. வாசிக்காதவர்கள் 77 கோடியையும் 300 கோடியையும் நடிகரின் வீட்டில் கொண்டுபோய் வைத்துப் பேசினார்கள். டவுன்ஷிப் கடைத்தெருவில் நம் காதாலேயே கேட்டோம்.

அதற்கு அடுத்த வாரம் வந்தது அதைவிடக் கொடியது. சோதனைக்கு உண்மைக் காரணம் வரி அல்ல, திரையுலகில் நடக்கும் மதமாற்றம் என்று ஒரு நீண்ட பதிவு பரவியது. இன்னின்ன நடிகர்கள் மதம் மாற்றப்பட்டார்கள், இன்ன இடத்தில் பணம் வந்தது என்று பெயரும் விவரமுமாக அடுக்கப்பட்டிருந்தது. வருமான வரித்துறையின் அறிக்கையில் அப்படி ஒரு சொல்கூடக் கிடையாது. அதே படத்தில் நடித்துக்கொண்டிருந்த விஜய் சேதுபதி, அந்தப் பதிவைத் தம் பக்கத்தில் பகிர்ந்து, போய் வேறு வேலை இருந்தால் பாருங்கள் என்ற பொருளில் ஒரே வரியில் பதில் கொடுத்தார். அந்தப் பதிவு கிறிஸ்தவர்களைக் குறிவைத்தது, நம்மை அல்ல. ஆகவே நம்மில் பலர் அதை வேடிக்கை பார்த்தோம். சிலர் "சுவாரசியமாக இருக்கிறதே" என்று அனுப்பவும் செய்தோம். ஒருவரின் பெயரிலிருந்து மதத்தைத் தோண்டியெடுத்து, மதத்திலிருந்து குற்றத்தைத் தோண்டியெடுக்கும் இந்த வித்தை யார்மீது அடிக்கடி ஏவப்படுகிறது என்பதை நாட்டிலுள்ள வேறெவரையும்விட நாம் அறிவோம். அறிந்திருந்தும் அனுப்பினோம்.

அதற்கு முன் பிப்ரவரி 9 அன்று அவர் வேன் கூரைமேல் ஏறி, கூடியிருந்த கூட்டத்தோடு எடுத்த படம் உலகமெங்கும் போயிற்று; அந்த ஆண்டு இந்தியாவில் ட்விட்டரில் மிக அதிகமாக மறுபகிர்வு செய்யப்பட்ட பதிவு அதுதான் என்றார்கள். நெய்வேலி என்ற பெயரைப் பலர் அன்றுதான் கேட்டார்கள். (இந்த மண்ணைத் தோண்டி மின்சாரம் கொடுத்தபோது கேட்கவில்லை; இருக்கட்டும்.) பின்னர் அவர் கட்சி தொடங்கினார், அவருடைய அரசியல் நம் பொருள் அல்ல.

சரிபார்க்காத செய்தியின் விலை சுரங்க நகரியத்தில் வாழ்பவர்களுக்குத் தெரியாதா? அதே 2020-இல் மே மாதமும், மீண்டும் ஜூலை 1 அன்றும் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தது. தொழிலாளர்கள் மாண்டார்கள். யார் யார் அந்த ஷிப்டில் இருந்தார்கள், எந்தப் பெயர் பட்டியலில் இருக்கிறது என்று தெரியாமல் வீடுகள் துடித்துக்கொண்டிருந்த அந்தக் காலை நேரத்தில், "என்று கூறப்படுகிறது" என்ற வாலை ஒட்டி ஒரு பெயரை எவராவது வாசலில் வந்து சொல்லியிருந்தால் அவரை நாம் என்ன செய்திருப்போம்? பிரபலங்களின் வீட்டிலும் தாயும் பிள்ளைகளும்தான் இருக்கிறார்கள்.

இதுவரை பிறரைச் சொன்னோம். இனி நம்மை.

நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் பாங்கு சத்தம் கேட்டார், பூமிக்குத் திரும்பி இஸ்லாத்தை ஏற்றார் என்ற கதையைக் கேட்காத தமிழ் முஸ்லிம் வீடு உண்டா? அந்தக் கதை எகிப்து, மலேசியா, இந்தோனேசியா என்று அவ்வளவு தூரம் பரவியதால், 1983 மார்ச்சில் அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரகங்களுக்குச் செய்தி அனுப்ப வேண்டியதாயிற்று. அவர் மதம் மாறவில்லை, எவர் மனதையும் புண்படுத்தும் எண்ணமும் அவருக்கு இல்லை என்பதே அதன் சாரம். 2012-இல் அவர் இறந்தும் விட்டார். நம் பயான் மேடைகளில் அவர் இன்னும் பாங்கு கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். உண்மை மார்க்கத்துக்கு இந்தப் பொய்ச் சாட்சி எதற்கு?

இதே ஆசையின் மறுபக்கத்தை 2014 பிப்ரவரியில் கண்டோம். இசையமைப்பாளர் யுவன் சங்கர் ராஜா மூன்றாம் திருமணம் செய்துகொண்டார், அதற்காகவே மதம் மாறினார் என்று எழுதினார்கள். அவர் தாமே விளக்கம் கொடுத்தார்: திருமணச் செய்தி பொய், இஸ்லாத்தைப் பின்பற்றுவது உண்மை, அதில் பெருமை கொள்கிறேன் என்றார். ஒரே செய்தியில் பாதி மெய், பாதி பொய். பொய்யான பாதியால், ஒரு மனிதன் தன் ரப்பைத் தேடி வந்த பயணம் பெண்ணாசைக் கதையாக மாற்றப்பட்டது. அன்று நாம் கொதித்தோம், சரிதான். ஆனால் நமக்கு இனிப்பான வதந்திகள் வரும்போது அதே கொதிப்பு எங்கே போகிறது?

இதை எழுதும் நமக்கும் அதில் பங்கு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டு நடிகர் ஒருவர் கலிமா சொன்னதாக வந்த காணொளியை, இஷாவுக்குப் பின் மஹல்லா குழுவில் நாமே போட்டோம். மாஷா அல்லாஹ் என்று நாற்பது பேர் மகிழ்ந்தார்கள். மூன்றாம் நாள், கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் தனியே வந்து, அது வேறு நிகழ்ச்சியில் எடுத்த காட்சி என்று நிரூபித்துக் காட்டினார். காணொளியை அழித்தோம். ஆனால் "அது பொய், நாம் தவறு செய்தோம்" என்று அதே குழுவில் எழுத நமக்கு மனம் வரவில்லை. ஹஜ்ரத் சொன்னால் உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்பியவர்கள் அதை எத்தனை பேருக்குச் சொன்னார்களோ! பத்திரிகைக்காரர் மறுப்பை உள்பக்க மூலையில் நான்கு வரியில் போடுகிறார் என்று ஏசுகிறோமே, நாம் அந்த நான்கு வரியும் போடவில்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கும் முன், கடந்த வெள்ளியன்றுதான் அதே குழுவில் அதை எழுதினோம்.

கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவர் பொய்யர் ஆவதற்குப் போதும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை இமாம் முஸ்லிம் தம் நூலின் முன்னுரையிலேயே வைத்திருக்கிறார். பொய்யைப் புனைய வேண்டியதில்லை. கேட்டதை வடிகட்டாமல் கடத்தினாலே போதும். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது மதீனாவில் அவதூறு பரவியபோது ஒரு மாத காலம் அந்தப் பேச்சு ஓடியது. அதைக் கண்டித்து இறங்கிய வசனங்களில் (24:15) ஒரு நுட்பம் உண்டு. அச்செய்தியை அவர்கள் நாவுகளால் வாங்கிக்கொண்டதாக அல்லாஹ் கூறுகிறான். செய்தியைக் காதால்தானே வாங்குவார்கள்? காதில் விழுவதற்கும் வாயில் வருவதற்கும் இடையே சிந்தனை நிற்கவே இல்லை. பார்த்து முடிக்கும் முன்பே அனுப்பும் பொத்தானை அழுத்தும் விரல்களை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பேச்சில் விழுந்தவர்களுள் நயவஞ்சகர்கள் மட்டுமா இருந்தார்கள்? அபூபக்ர் (ரலி) அவர்களின் உறவினரும், பத்ரில் கலந்துகொண்டவருமான மிஸ்தஹ் (ரலி) இருந்தார். நல்லவர்களும் விழுகிற குழி அது.

"சினிமாக்காரர் கதை ஆலிமுக்கு எதற்கு? அவர்கள் செய்வதே பாவம்" என்று சிலர் கேட்பார்கள். திரைத்துறையைப் பற்றிய நம் கருத்து என்னவாக இருந்தாலும், பொய் சொன்ன நாவு நம்முடையது. மறுமையில் கணக்குக் கேட்கப்படுவது அதற்குத்தான். அடியார்களின் உரிமையை மீறினால் அந்த அடியாரிடமே மன்னிப்புப் பெற வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறோம். ரஹ்மானிடமும் விஜயிடமும் போய் மன்னிப்புக் கேட்க நம்மில் யாரால் முடியும்?

"பிரபலம் ஆனவர்களுக்கு ஏது தனிமை?" என்பது மற்றொரு வாதம். இதற்கு நாட்டின் சட்டமே பதில் சொல்லிவிட்டது. அதுவும் ஒரு தமிழ்ப் பத்திரிகை தொடர்ந்த வழக்கில். நக்கீரன் ஆசிரியர் ராஜகோபால் வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம், குடும்பம், திருமணம், தாய்மை போன்றவை பற்றி ஒருவரின் சம்மதமின்றி எழுதுதல் கூடாது. எழுதியது உண்மையாக இருந்தாலும் அது மீறல்தான் என்றது. பொது ஆவணத்தில் உள்ளதற்கும், தாமாகவே சர்ச்சையில் இறங்குபவர்களுக்கும் விலக்கு அளித்தது. அரசு ஊழியரின் பணி நடத்தையைப் பற்றி எழுதும் பத்திரிகைக்கோ, நியாயமான அளவு சரிபார்த்த பின் எழுதியிருந்தால் போதும், பாதுகாப்பு உண்டு என்றது. பத்திரிகைச் சுதந்திரத்தைக் காத்த தீர்ப்பே சரிபார்ப்பை நிபந்தனையாக வைத்தது.

நாம் வாய்ப்பூட்டு கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அறிவிப்பாளர்களை எடைபோட்ட இமாம்கள், இன்னார் பொய்யர், இன்னார் நினைவாற்றல் கெட்டவர் என்று பெயர் சொல்லியே எழுதினார்கள். அது புறம் பேசுதல் ஆகாது, கடமை. மலையாளத் திரையுலகில் பெண்கள் பட்ட துன்பங்களை ஹேமா குழு வாக்குமூலங்கள் பெற்று எழுதியது. 2024 ஆகஸ்டில் அறிக்கை வெளிவந்து பெரிய மனிதர்கள் பலர் பதில் சொல்ல நேர்ந்தது. அநீதி இழைக்கப்பட்டவர் பேசலாம். அதைச் சரிபார்த்து எழுதும் செய்தியாளர் நமக்கு வேண்டியவர். அவரையும், முகம் காட்டாமல் பேசும் அந்தக் குரலையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

யூடியூப் வந்து கெடுத்தது என்றும் சொல்ல வேண்டாம். 1940-களில் லட்சுமிகாந்தன் என்பவர் 'சினிமா தூது' என்ற ஏட்டையும், அதற்குத் தடை வந்தபின் 'இந்து நேசன்' என்ற ஏட்டையும் நடத்தி, நடிகர் நடிகையரின் அந்தரங்கம் என்று எழுதினார். எழுதாமல் இருக்கப் பணமும் வாங்கினார் என்பர். மக்கள் வாயால் பழித்துக்கொண்டே கையால் வாங்கினார்கள். 1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் அவர் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். எம்.கே.தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் தண்டனை பெற்றார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947 ஏப்ரலில் விடுதலையானார்கள். கொன்றவர் யார் என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. ஓர் உயிர் போயிற்று. பாகவதரின் திரைவாழ்வு திரும்பவே இல்லை. அந்த ஏட்டை வாங்கிப் படித்த எவரையும் எந்த நீதிமன்றமும் அழைக்கவில்லை.

இன்று யாரிடம் முறையிடுவது? பத்திரிகைகளுக்கு இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் இருக்கிறது. வெளியிடும் முன் சரிபார், தவறினால் உடனே திருத்து என்று அதன் நெறிமுறைகள் சொல்கின்றன. ஆனால் கண்டிப்பதைத் தவிர அதற்கு அதிகாரம் இல்லை. தொலைக்காட்சியும் காணொளிச் சேனல்களும் அதன் எல்லைக்குள் வரவே மாட்டா. ஆகவே பார்வையாளர்தான் மீதி. பார்வை எண்ணிக்கையே அவர்களுக்குக் கூலி. அந்தக் கூலியை நம் வீட்டு வைஃபையிலிருந்து நாம் கொடுக்கிறோம்.

திரைச்செய்தி எழுதுவோரிடம் நாம் கேட்பது பெரிதில்லை. சொன்னவர் பெயரைப் போடுங்கள். போட முடியாவிட்டால் ஏன் முடியாது என்று எழுதுங்கள். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டீர்களா, என்ன பதில் வந்தது என்பதைச் சொல்லுங்கள். கேள்விக்குறிக்குப் பின்னால் ஒளியாதீர்கள். பொய் எந்த அளவு எழுத்தில் வந்ததோ அதே அளவு எழுத்தில் மறுப்பையும் போடுங்கள்.

நம் சமுதாயத்தின் பெயரால் நடக்கும் பக்கங்களுக்கும் இதுவே பொருந்தும். அவற்றுள் ஒன்று, அந்த நவம்பரில் கேள்விக்குறி போட்ட அதே படத்தை, "பாடம் பெறுவோம்" என்ற தலைப்பில் துஆவும் சேர்த்து வெளியிட்டது. நீக்கிவிட்டுத் திருத்தம் வெளியிடுமாறு இருமுறை எழுதினோம். படம் இன்னும் அங்கேயே இருக்கிறது; பதில் வரவில்லை. மூன்றாம் முறையும் எழுதியிருக்கிறோம். பதில் வந்தால் இதே இடத்தில் முழுமையாக வெளியிடுவோம், இன்ஷா அல்லாஹ்.